முதலில் பில்லைக் கேள்

அன்புள்ள கோமதி,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய், ஆனாலும் எழுதியாகிவிட்டது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். நீ உணவுக் கூட்டமைப்புக்கு ஒருங்கிணைப்பாளர் ஆகிவிட்டாய் என்று ராகவன் சொன்ன பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறை என்று அரசு பணம் கொடுத்து வாங்கும் சாப்பாடு முழுவதையும் நியாயமானதாக, சத்தானதாக மாற்றப் போகிறீர்களாமே! அன்றைக்குச் சாப்பாட்டு டோக்கனை மூன்று முறை எண்ணியவளுக்கு ஏற்ற வேலைதான். சபாபதி சார் இருந்திருந்தால் "நோட்டீஸ் அடிச்சாச்சா?" என்று கேட்டிருப்பார்.

அனுப்பியிருந்த தீர்மான வரைவைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. விவசாயி, தொழிலாளி, குழந்தை, மண், மாடு, ஒருவரையும் விடவில்லை. ஆனால் எந்தக் கடை எதை எவ்வளவுக்கு விற்றது என்ற கணக்கை யார், எப்போது, எந்த வடிவில் தர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கையைத் தட்டி நிறைவேற்றிவிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அதற்குப் பிறகு பழைய சரக்கே பழைய லாரியில் வந்து இறங்கும். எனக்குக் கவலை அதுதான். கடிதம் நீண்டால் அதற்கும் இதுதான் காரணம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சியும் அங்கே பள்ளிகளை நடத்தும் நிர்வாகமும் 2012-இல் நல்லுணவுக் கொள்முதல் திட்டத்தை ஏற்றன. அதில் ஐந்து தலைப்புகள்: உள்ளூர்ப் பொருளாதாரம், சத்து, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல், கால்நடை நலம். ஐந்திலும் குறைந்தபட்ச அளவையாவது எட்டினால்தான் தேர்ச்சி. ஒன்றில் நூறு வாங்கி இன்னொன்றில் பூஜ்ஜியம் வாங்க முடியாது. அந்தத் திட்டம் மற்ற நகரங்களுக்கும் பரவியதற்குக் கொள்கையின் அழகு காரணம் என்று நினைக்காதே. மதிப்பெண் கொள்முதல் பில்லிலிருந்து வருகிறது, அதனால்தான் நின்றது. பிரான்ஸைப் பார். 2018-இல் சட்டமே போட்டார்கள். 2022 ஜனவரி முதல் பொது உணவகங்கள் வாங்கும் பொருளில், பண மதிப்பில் பாதி தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும், அதற்குள் 20 சதவீதம் இயற்கை விளைபொருளாக இருக்க வேண்டும் என்று. இலக்கை எட்டவில்லை. கணக்கே தராத உணவகங்கள் ஏராளம். சட்டத்துக்கே இந்தக் கதி என்றால் உன் தீர்மானம் எம்மாத்திரம்?

ஆகவே முதல் வேலை, கடந்த 12 மாதக் கொள்முதல் கணக்கு. மொத்தத் தொகை போதாது, வரி வரியாக வேண்டும். பொருளின் பெயர், பிராண்ட், உற்பத்தியாளர், ஒரு பெட்டியில் எத்தனை பொட்டலம், பொட்டலத்தின் நிகர எடை, எத்தனை பெட்டி, பெட்டி விலை, எந்த ஊர்ப் பண்ணை அல்லது ஆலை. எக்செல் கோப்பாகத்தான் வர வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பு. இல்லாவிட்டால் உங்கள் தொண்டர்கள் அதைத் தட்டச்சு செய்தே ஓய்ந்துபோவார்கள்.

வந்த கோப்பும் உடனே பேசாது. "கோழி, உறைந்தது, 40 பெட்டி" என்று இருக்கும். பெட்டி 5 கிலோவா 18 கிலோவா? தெரியாமல் சதவீதம் போட்டால் எல்லாம் பொய். பிராண்ட் இடத்தில் விநியோகஸ்தரின் சொந்த லேபிள் இருக்கும், உள்ளே யாருடைய சரக்கு என்று தெரியாது. இறைச்சிக்கு இதில் ஒரு வழி உண்டு. பெட்டியின் மேல் இருக்கும் சோதனை முத்திரையைப் பார். அமெரிக்காவில் வட்ட முத்திரைக்குள் ஆலை எண் இருக்கும். ஐரோப்பாவில் முட்டை வடிவ முத்திரைக்குள் நாட்டுக் குறியீடும் அனுமதி எண்ணும் இருக்கும். சமையலறை ஆள் ஒருவர் பெட்டியைப் பிரிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்தால் போதும். அந்த எண்ணை வைத்து எந்த ஆலை என்று கண்டுபிடிக்கலாம். ஆலை தெரிந்தால் அங்கே எத்தனை முறை பாதுகாப்பு விதிமீறல் பதிவாகியிருக்கிறது, சம்பளப் புகார் உண்டா என்று அரசுப் பதிவுகளில் தேடலாம். தொழிலாளர் நலம் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டுமென்றால் இந்த எண்தான்.

சதவீதத்தை எடையில் போடுவதா பணத்தில் போடுவதா என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடு. டென்மார்க்கின் இயற்கை உணவு முத்திரை இரண்டையும் அனுமதிக்கிறது: 30 முதல் 60 சதவீதம் வெண்கலம், 60 முதல் 90 வெள்ளி, அதற்கு மேல் தங்கம். இரண்டும் ஒன்றில்லை. எடைக்கணக்கில் மாவையும் உருளைக்கிழங்கையும் மாற்றினாலே எண் ஏறிவிடும். பணக்கணக்கில் இறைச்சியையும் பாலையும் தொடாமல் ஏறாது. எதையாவது எடு, ஆனால் நடுவில் மாற்றாதே. மாற்றினால் முதல் ஆண்டோடு எதையும் ஒப்பிட முடியாது. எதிராளிக்கு அது போதும்.

யாரிடம் கேட்பது? நிறுவனமே சமைத்தால் பில் அவர்களிடம். சமையலை கேட்டரிங் கம்பெனியிடம் விட்டிருந்தால் சிக்கல். "வியாபார ரகசியம்" என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ஒப்பந்தம் வரும், பில் வராமல் போகலாம். அதனால் அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இன்ன வடிவில், இன்ன தேதிக்குள் கணக்கு, வராவிட்டால் அந்தத் தவணைப் பணம் நிற்கும். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முதல் மூன்றும் வெறும் வேண்டுகோள். கூடவே ரிபேட்டையும் கேள். பெரிய உற்பத்தியாளர்கள் கேட்டரிங் கம்பெனிக்கு அளவைப் பொறுத்துப் பணம் திருப்பித் தருவார்கள், அது பில்லில் தெரியாது. சிறு பண்ணையிலிருந்து வாங்கினால் அந்த வரவு குறையும் என்பதால்தான் "சப்ளை இல்லை" என்று கையை விரிக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி உணவில், செலவைத் திருப்பித் தரும் வகை ஒப்பந்தமாக இருந்தால் ரிபேட் பள்ளிக் கணக்குக்கே வர வேண்டும் என்று விதி. அதை எடுத்துக்காட்டாகக் காட்டு.

சரி, பில் புராணம் போதும். இல்லை, இன்னும் ஒன்று, இதே சங்கதிதான். ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன என்று ஒரு பட்டியல் போடு. ஓராண்டு ஒப்பந்தம் என்பார்கள். நான்கு முறை நீட்டிக்கலாம் என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். முடியும் தேதிக்கு ஒன்பது மாதமாவது முன்னால் போய் உட்கார வேண்டும். டெண்டர் வெளிவந்துவிட்டால் பல இடங்களில் அதிகாரி உன்னிடம் பேசவே கூடாது. பேச வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே. ஐரோப்பாவின் 2014 கொள்முதல் நெறிமுறை, டெண்டருக்கு முன் சந்தையைக் கலந்தாலோசிக்கலாம் என்று எழுத்திலேயே அனுமதிக்கிறது. பயந்த அதிகாரிகளுக்கு அதைக் காட்டலாம்.

டெண்டர் விவரக்குறிப்பில்தான் சிறியவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, பழைய கோப்பை நகல் எடுப்பார்கள், அவ்வளவே. எல்லாப் பொருளும் ஒரே ஆளிடம், எல்லாச் சமையலறைக்கும் விடியற்காலை டெலிவரி, பெரிய முன்வைப்புத் தொகை, பணம் 90 நாள் கழித்து. எந்த விவசாயி வருவான்? காய், பால், ரொட்டி என்று தனித்தனித் தொகுதியாகப் பிரிக்கச் சொல். டெலிவரி ஒரு கிடங்கு வரை என்றால் போதும். பணம் 30 நாளுக்குள். பழத்துக்கு அளவு எழுதும்போது கவனி. அமெரிக்கப் பள்ளிகளில் 18 கிலோ பெட்டிக்கு 125 முதல் 138 வரை ஆப்பிள் கேட்பார்கள். ஒன்று சுமார் 130 முதல் 145 கிராம் வரும், சின்னப் பிள்ளைக்கு அதுவே போதும். கடையில் பெரிய பழம்தான் போகும் என்பதால் சிறியது சாறு ஆலைக்குக் கிடைத்த விலைக்குப் போகும். விவசாயிக்கு அதைவிடக் கூடுதல், உனக்குக் கடை விலையைவிடக் குறைவு. இப்படிப்பட்ட இடங்களைத் தேடு.

"உள்ளூர்" என்று எழுதலாமா என்பது உன் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் பள்ளி உணவுத் திட்டங்களில் 2024 ஜூலை வரை அதை நேரடி நிபந்தனையாக எழுத முடியாது, இப்போது முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடியாது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் என்ன செய்தது? பருவத்துக்கேற்ற பொருள், புத்துணர்ச்சி, ரக வகை, இவற்றுக்கு மதிப்பெண் கொடுத்தது. எத்தனை ஆப்பிள் ரகம் தர முடியும் என்று கேட்டால் பக்கத்துத் தோட்டக்காரன் தானாக முன்னால் வருவான். பிரேசில் சுற்றி வளைக்கவே இல்லை. 2009 சட்டத்தில், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதம் குடும்ப விவசாயிகளிடம், டெண்டர் இல்லாமல் பொது அழைப்பு மூலம், சந்தை விலைக்கு ஒத்த விலையில் வாங்க வேண்டும் என்று போட்டார்கள். டெண்டர் சட்டத்தோடு மல்லுக்கட்டாமல் தனி வாசல் வைத்துவிட்டார்கள். உங்கள் வக்கீல் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

"பணம் எங்கே?" என்று நிதிக்காரர் கேட்பார். கோபன்ஹேகன் 2007-இல் சமையல்காரர்களுக்குப் பயிற்சி தர "உணவு இல்லம்" என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, நகரச் சமையலறைகளை 90 சதவீத இயற்கை உணவை நோக்கிக் கொண்டுபோனது, அதுவும் உணவு பட்ஜெட்டை உயர்த்தாமல். செலவு பயிற்சிக்குப் போனது. சமையல்காரர்கள் பாதி தயாரான பொருளை விட்டு அடிப்படையிலிருந்து சமைக்கக் கற்றார்கள். இறைச்சி குறைந்தது, வீணாவதும் குறைந்தது. கணக்குப் போட்டுக் காட்டு: வேளைக்கு 100 கிராம் இறைச்சி 75 ஆனால் 10,000 வேளைக்கு 250 கிலோ மிச்சம். மீதி இறைச்சியைக் கொஞ்சம் நல்ல இடத்தில் வாங்க அந்தப் பணம் உதவும். வீணாவதை எடை போடும்போது வெட்டும்போது போவது, சமைத்துப் பரிமாறாமல் போவது, தட்டில் மிஞ்சுவது மூன்றையும் தனித்தனி வாளியில் போடச் சொல். ஒரே வாளி என்றால் தவறு சமையலிலா, எண்ணிக்கையிலா, ருசியிலா என்று தெரியாது. எண்ணிக்கை தவறு என்றால் மறுநாளே சரிசெய்யலாம், ருசி என்றால் மாதக்கணக்கு ஆகும்.

இனி உன் கூட்டமைப்பு. கேலி இல்லாமல் சொல்கிறேன். நீ வெளியே இருப்பவர்களோடு சண்டை வரும் என்று நினைக்கிறாய், முதல் சண்டை மேசைக்குள்ளேதான். சிறு விவசாயி, தொழிற்சங்கம் கேட்கும் கூலியைத் தன்னால் தர முடியாது என்பார். கால்நடை அமைப்பு கேட்கும் பண்ணை ஊரைவிட்டு நூறு மைல் தள்ளி இருக்கும். பேச்சுவார்த்தையின் கடைசி மணி நேரத்தில் அதிகாரி, "சத்தும் உள்ளூரும் தருகிறேன், கூலியை விட்டுவிடுங்கள்" என்பார். அப்போது மேசையில் கூலிக்காரர்களின் ஆள் இருக்கமாட்டார், வேலைக்குப் போயிருப்பார். அதனால் இப்போதே எழுதி வை: எந்தத் தலைப்பையும் அந்தத் தலைப்புக்குரிய உறுப்பினரின் சம்மதம் இல்லாமல் விட்டுக்கொடுக்கக் கூடாது. பேச்சுவார்த்தைக்கு யார் போவது, எவ்வளவு நேரத்துக்குள் மற்றவர்களைக் கேட்க வேண்டும், அதையும் எழுது. வேலை நேரத்தில் கூட்டம் வைக்காதே. பரிமாறுகிறவர்களும் சமைக்கிறவர்களும் வர முடியாத கூட்டத்தில் மெனுவைப் பேசி என்ன லாபம்?

உங்களோடு இருக்கும் விவசாயிகளும் கூட்டுறவுச் சங்கமும் விவரக்குறிப்பு எழுதும் குழுவில் உட்காரக் கூடாது. அமெரிக்க மத்திய அரசின் பணம் புழங்கும் கொள்முதலில், விவரக்குறிப்பு எழுதியவர் அதே டெண்டரில் போட்டியிட முடியாது. பல நாடுகளிலும் இதே மாதிரி விதி உண்டு. ஆர்வத்தில் உட்கார்ந்து உதவுவார்கள், டெண்டர் நாளில் எதிராளி ஒரே மனுவில் அவர்களை வெளியேற்றிவிடுவான். யாருக்காக எழுதினோமோ அவர்களே போய்விடுவார்கள். பொதுக் கூட்டத்தில் தேவையைச் சொல்லட்டும், வரைவைத் தொடவேண்டாம்.

ராகவனை வரவு செலவுப் பக்கமே விடாதே, அவன் பேச்சில் மயங்கிவிடாதே. எக்செல் கோப்புகளுக்கு நம்ம விஜயாவைப் பிடி. அவள் கண்ணில் தப்பும் பெட்டி கிடையாது.

தீர்மானத்தை அடுத்த வாரமே கொண்டுபோவதாக எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் தள்ளிப்போட்டு, தரவு நிபந்தனையை நடுப்பகுதியிலேயே ஒரு தனி உட்பிரிவாகச் சேர்த்துவிடு. பின்னிணைப்பில் போட்டால் யாரும் புரட்டமாட்டார்கள். ஒப்பந்தங்கள் முடியும் தேதிகளையும், கிடைத்தால் ஒரு மாத பில்லையும் எனக்கு அனுப்பு. எந்த வரியில் எடை விடுபட்டிருக்கிறது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தேவகி