இரண்டாம் பருவ நிறைவும் ஒரு வேண்டுகோளும்: 7ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள்; கலைத் திருவிழாவிலும் அப்படியே. அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி. மூன்றாம் பருவப் புத்தகங்கள் பள்ளி திறக்கும் அன்றே கிடைக்கும்.

அடுத்து, ப்ராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை போகும் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். அதன் மேல் வந்துபோகிற பிள்ளைகள் 'யார் சார் அவர்?' என்று கேட்டார்கள். அதனால் சமூக அறிவியலில் வளரறி மதிப்பீட்டுக்கு அவர் வாழ்க்கையையே 10 மதிப்பெண் ப்ராஜெக்டாகக் கொடுத்தோம்.

வந்தவை எல்லாம் பார்க்க அழகு. சிக்கலே அதுதான். தெர்மாகோல் பஸ், உள்ளே எல்.இ.டி. விளக்கு, லேமினேட் செய்த அட்டை. ஒன்றின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அந்த பஸ்ஸின் நெற்றியில் 'காந்திபுரம்' என்று போட்டிருந்தது. 1920இல் நாயுடு தொடங்கிய முதல் பஸ் ஓடியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில். 'ஏன் காந்திபுரம்?' என்று ஆசிரியர் கேட்டதற்குப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. தப்பு பிள்ளையுடையது இல்லை.

ஒரே பிழை பல ப்ராஜெக்டுகளில் எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. 'மின்மோட்டாரைக் கண்டுபிடித்தவர்' என்கிறார்கள். மோட்டார் நாயுடுவுக்கு வெகுகாலம் முன்பே உலகத்தில் இருந்தது. 1937இல் தொழிலதிபர் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து அதை இங்கேயே தயாரித்ததுதான் நாயுடுவின் பெருமை. 'விஞ்ஞானி ஆர்தர் ஹோப்' என்று ஒரு தலைப்பு. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண ஆளுநர். நாயுடுவின் நன்கொடையோடு 1945இல் தொடங்கிய கல்லூரிக்கு அந்த ஆளுநரின் பெயரை வைத்தார்கள். இன்று தடாகம் சாலையில் இருக்கும் ஜி.சி.டி. என்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். 'கொடுத்தவர்', 'பெயர் தாங்கியவர்' இரண்டையும் குழப்பியதால் வந்த பிழை இது. இன்னொன்றில் அவர் பிறந்த தேதி 4.1.1974. அது அவர் இறந்த நாள், பிறந்தது 23.3.1893, ஊர் கலங்கல். கைபேசியில் முதலில் வந்ததைப் படிக்காமல் பிரிண்ட் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். கடையில் செய்த, அல்லது பெரியவர்கள் கையெழுத்தில் உள்ள ப்ராஜெக்டை மூன்றாம் பருவத்திலிருந்து வாங்க மாட்டோம். மதிப்பெண் இல்லை. சிபாரிசுக்கு வர வேண்டாம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றி மாட்டியே இயந்திரம் படித்த மனிதர் அவர். அவரைப் பற்றிய ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பிள்ளைகள் இதைத் திருத்தி ஜனவரி 20க்குள் மறுபடி தரலாம். ஏ4 தாள் ஆறு போதும், சொந்தக் கையெழுத்து, முதலில் பென்சிலில். முதல் தாளில் ஆண்டு வரிசை மட்டும்: இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் ஒரே வரி. இது முடியாமல் மற்ற தாள்களைத் தொட வேண்டாம். வரிசை சரியாக இருந்தால் பிறப்பும் இறப்பும் இடம் மாறாது. ஒவ்வொரு தகவலையும் இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளின் விலை இடத்துக்கு இடம் மாறுகிறது. அங்கே 'சேர்த்த பணத்தில்' என்று எழுதினால் போதும், ரூபாய் போட வேண்டியதில்லை. தொழிலுக்கு இரண்டு தாள், கொடைக்கு இரண்டு. கடைசித் தாளில் பிள்ளை தானே வரைந்த ஒரு படம், கோணலாக இருந்தாலும் சரி. தெர்மாகோல் வேண்டாம்.

நாயுடுவுக்குப் பதிலாக உங்கள் பகுதியில் உழைத்து முன்னேறி ஊருக்குக் கொடுத்த ஒருவரையும் எடுக்கலாம். அப்படியானால் கல்வெட்டை நம்புவதில் கவனம் தேவை. அடிக்கல் நாட்டிய நாள் வேறு, திறந்த நாள் வேறு. பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் திறந்துவைத்தவர் பெயர். பணம் கொடுத்தவர் 'உபயம்' என்ற வரியில் கீழே இருப்பார். வீட்டாரைப் பார்க்கப் போனால் 'எவ்வளவு கொடுத்தார்?' என்று பிள்ளை தொடங்கக் கூடாது. முதல் தொழில் என்ன, முதல் நஷ்டம் எப்போது என்று கேட்டால் அவர்களே பேசுவார்கள்.

தாளை வாங்கும்போது ஆசிரியர் மூன்று நிமிடம் கேள்வி கேட்பார். மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

ஷிப்ட் முடித்துக் களைத்து வந்து, இரவு பதினொரு மணிக்குப் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தவர்கள் உங்களில் பலர் என்று தெரியும். பிள்ளை மேல் உள்ள அக்கறைதான் காரணம். அதில் சந்தேகமே இல்லை. முந்தின நாள் இரவு சொன்னால் யாரும் கடைக்குத்தான் ஓடுவார்கள். எங்கள் பக்கமும் தவறு உண்டு. இனி எந்த ப்ராஜெக்டுக்கும் மூன்று வாரம் முன்பே டைரியில் எழுதி அனுப்புவோம். நீங்கள் எழுத்துப் பிழை பார்க்கலாம், அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம், பஸ் கட்டணம் கொடுக்கலாம்.

விடுமுறை நல்லபடியாகக் கழியட்டும். எப்போதும்போலத் தரும் ஆதரவுக்கு நன்றி. விலைச் சீட்டோடு வந்த பஸ் அலுவலக அறையில் இருக்கிறது, உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்