மருமகன் அழுவதைப் பற்றி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூரில் வீடு மாறியது, தங்கச்சிக்கு வேலை நிரந்தரமானது எல்லாம் படித்து ரொம்பச் சந்தோஷம். இங்கே தண்டையார்பேட்டையில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை. ஆனாலும் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் மெட்ரோ இருப்பதால், வெள்ளிக்கிழமையானால் வடிவுடையம்மனைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்.

சரி, நீ கடைசியில் எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பெரியவன் எட்டாம் வகுப்பு போயும் எதற்கெடுத்தாலும் அழுகிறான், ஆம்பளைப் பிள்ளை இப்படி இருந்தால் எப்படி என்று கேட்டிருந்தாய். நம் செட்டில் சட்டென்று கண் கலங்குகிறவன் நான்தான் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாய். நல்லது.

எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். கோபம் வந்தால் வாய் திறப்பதற்குள் கண் முந்திக்கொள்ளும். நல்லது நடந்தால் இன்னும் அதிகம். 2024-இல் நம்ம பக்கத்துப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தாளே, அந்தச் செய்தியை டீக்கடையில் நின்று படித்தேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர் என்ற வரிக்கு வந்ததும் மேற்கொண்டு எழுத்தே தெரியவில்லை. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. என் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். அந்த மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் மச்சான், அழுகை தானாக வந்து தானாக அடங்கிவிடும்.

கண்ணீர்ச் சுரப்பியை இயக்குகிற நரம்பு நம் சொல்பேச்சு கேட்காது. வாயில் எச்சில் ஊறுவதை நிறுத்த முடியுமா? அதே கதைதான். "நிறுத்துடா" என்று நீ அதட்டினால் அவன் அடக்கப் பார்ப்பான், தொண்டையில் உருண்டை கட்டும். அழும்போது காற்று நிறையப் போகட்டும் என்று மூச்சுக்குழல் வாய் விரிந்து நிற்கும். விழுங்கும்போது அது மூடியாக வேண்டும். அந்த இழுபறிதான் அந்த வலி. சின்ன வயதில் பையனும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுகிறார்கள், பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் பையன்களுக்குக் குறைகிறது என்று படித்திருக்கிறேன். உன் மகன் சரியாக அந்த வயதில் நிற்கிறான். சுற்றி இருக்கிற பையன்கள் நிறுத்திவிட்டார்கள், இவனுக்கு நிற்கவில்லை. அவ்வளவுதான்.

அப்புறம், ஆம்பளை அழக்கூடாது என்று நம் பக்கத்தில் யார் சொன்னது? சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா கேட்டு வளர்ந்தவர்கள் நாம். போன மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், காசிமேட்டில் படகு வைத்திருந்தவர். பாட வந்தவர் பெரியவரின் பேரோடு படகின் பேரையும் பாட்டில் சேர்த்துவிட்டார். அவ்வளவு நேரம் கல் மாதிரி உட்கார்ந்திருந்த மகன்கள் இருவரும் வாய்விட்டு அழுதார்கள். பந்தலுக்கு வெளியே நின்ற அவர்கள் கூட்டாளிகள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் யாரையும் தேற்றப் போகவில்லை. காலையில் பாடை கட்டியதும் தூக்கியதும் அதே ஆட்கள்தான். அழுததால் யாருக்கும் கை தளரவில்லை. சாவுக்கு அழுதால் மனுஷன், மற்ற நாளில் அழுதால் கோழை என்று நாம் பிரித்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகளில், சிரிப்புக்கு அடுத்து அழுகை வருகிறது. அது பிறப்பதற்கு நான்கு காரணம் சொல்லி, முதலில் இளிவை வைத்திருக்கிறது, அதாவது பிறர் நம்மை இகழ்வதை. இழவுகூட அதற்கு அடுத்துதான். அவன் ஏன் அழுகிறான் என்று யோசிக்கும்போது அங்கிருந்து ஆரம்பி. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், அவன் பேசுகிற நம்ம ஊர்ப் பேச்சு. யாராவது கேலி செய்கிறார்களா? அழும்போது கேட்காதே, வார்த்தை வராது. தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, வண்டியில் எங்காவது கூட்டிப்போகும்போது கேள். முகம் பார்க்காமல் பேசுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபம். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் குறைந்து எந்நேரமும் சோர்ந்தே இருக்கிறான் என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டு. அது வேறு விஷயம், தள்ளிப்போடாதே.

அரையாண்டு லீவுக்கு அவனை இங்கே அனுப்பு. சென்ட்ரலுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். என் பெண்ணுக்கும் துணையாக இருக்கும், அவளும் கேரம் போர்டை வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சியிடம் கேட்டுச் சீக்கிரம் டிக்கெட் போட்டுவிடு, லீவு சமயத்தில் கிடைக்காது. திரும்பும்போது அவனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்