சிவப்புச் சுழி

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் கட்டுப் பிரித்தாகிவிட்டது. இப்போது வீட்டில் உள்ள தூசியெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் வேலை எனக்குத்தான். வேறு விசேஷம் இல்லை.

மீன் ஆராய்ச்சி என்று தண்ணீருக்குள் தனியாக இறங்காதே. மேலே வரும்போது மெதுவாக வா. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் ஏறாதே.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து நீ வரைந்த மீன் படம் ஒன்றும் வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. தம்பியிடம் பேச்சுவாக்கில் "அக்கா எப்படி இருக்கிறாள்?" என்றேன். "இருக்கிறாள்" என்றான். முப்பத்தொரு வருடம் வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்து நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவளிடம் அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மேல் நானும் தோண்டவில்லை.

போன முறை வந்தபோது மேஜைமேல் ஒரு காகிதக் கட்டை வைத்துவிட்டு, "படித்துப் பார் அம்மா, உன் பாடம்தான்" என்றாய். மீன் எப்படி என் கணக்குப் பாடமாகும் என்று அப்போது எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். படம் வராத வாரங்களில்தான் பிரித்தேன்.

டூரிங் என்றால் எனக்குக் கம்ப்யூட்டருக்கு வழி வகுத்தவர், அவ்வளவுதான். அவர் 1952-இல் மிருகங்களின் தோலில் விழும் புள்ளிக்கும் வரிக்கும் கணக்குப் போட்டிருக்கிறார் என்று என் காலத்துப் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. மூன்று மாலை உட்கார்ந்து படித்தேன். இரண்டு பொருள்கள். முதலாவது தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. கூடவே தன்னை அடக்கும் இரண்டாவதையும் பிறப்பிக்கிறது. அடக்கும் இரண்டாவது, முதலாவதைவிட வேகமாகப் பரவுகிறது. ஆகவே கிட்டத்தில் முதலாவது ஜெயிக்கிறது, கொஞ்சம் தள்ளித் தோற்கிறது, இன்னும் தள்ளி மறுபடி தலைதூக்குகிறது. ஒரே சீராக இருந்த தோலில் வரி விழுந்துவிடுகிறது. வரிக்குதிரை மீனில் இதைச் செய்வது கரைந்து பரவும் பொருள் மட்டுமல்ல, நிறச் செல்களே ஒன்றையொன்று தள்ளியும் தாங்கியும் செய்கின்றன என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். உன் பொடி எழுத்தைப் படிக்க எனக்கும் கண் ஆபரேஷன் தேவைப்படும் போலிருக்கிறது. ஆனாலும் அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இரண்டாவது பக்கத்தோடு மூடியிருப்பேன். நீ நல்ல ஆசிரியை ஆகியிருப்பாய்.

அடுத்து கொண்டோ, அசாய் என்ற இரண்டு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியது. வரிக்கும் வரிக்கும் நடுவே உள்ள தூரத்தை முடிவு செய்வது அந்த இரண்டு பொருள்களின் பரவலும் வினையும்தான், உடம்பின் அளவு அல்ல. அரைவட்ட ஏஞ்சல் மீன் குஞ்சு 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது மூன்று வரி. வளர வளர வரிகள் விலகுகின்றன. 4 சென்டிமீட்டரை எட்டும்போது இடையில் புது வரி முளைத்து, பழைய இடைவெளி திரும்ப வந்துவிடுகிறது. 8, 9 சென்டிமீட்டரில் இன்னொரு முறை.

இதைப் படித்த இரவு பதினோரு மணிக்கு உன் பழைய நோட்டைத் தேடிப் பரணுக்கு ஏணி போட்டேன். அப்பா எழுந்து வந்து திட்டினார்.

பெரியப்பா வீட்டுத் தொட்டி. நீ நான்காம் வகுப்பு. கருநீல உடம்பில் வெள்ளை வரி போட்ட அந்த ஒற்றை மீனை ஏப்ரலில் வரைந்தாய், பக்கத்திலேயே '3 செ.மீ.' என்று. கண்ணாடிமேல் ஸ்கேலை ஒட்டி வைத்து அளந்ததற்குப் பெரியம்மா சண்டைக்கு வந்தாள். ஆகஸ்டில் மறுபடியும் வரைந்தாய். '5 செ.மீ.' முதல் படத்தில் மூன்று வரி. இரண்டாவதில் அந்த மூன்றுக்கும் நடுநடுவே இரண்டு மெல்லிய கோடுகள், பென்சிலை அழுத்தாமல் போட்டவை. அவற்றைச் சுற்றி நான் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு, '3?' என்று எழுதியிருக்கிறேன். ஒரே மீனுக்கு வரி எப்படிக் கூடும், எண்ணிப் பார்த்து வரையத் தெரியாதா என்று கேட்டேன். உட்கார்ந்து அழிக்க வைத்தேன்.

அந்த இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்திருக்கிறது. விளக்குக்கு நேராகப் பிடித்தால் அந்த இரண்டு கோடுகளின் பள்ளமும் தெரிகிறது. சிவப்புச் சுழி மட்டும் அழியாமல் அப்படியே நிற்கிறது.

அந்த வாரம் வகுப்பில் வடிவொத்த முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தேன். உருவம் பெரிதானால் உள்ளே இருக்கிறதெல்லாம் அதே விகிதத்தில் பெரிதாகும் என்பது என் ரத்தத்தில் ஊறியது. வரிக்குதிரை அப்படித்தான், குட்டியின் வரிகளே உடம்போடு விரிந்துகொள்கின்றன. இந்த மீன் விகிதத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வந்து பார் என்று.

இல்லை. சொன்னாய். "வந்து பாரும்மா" என்றாய். இரண்டு தடவை. எனக்கு விடைத்தாள் பாக்கி இருந்தது. பெரியப்பா வீடு நாலு வீடு தள்ளித்தான் இருந்தது. நான் போகவில்லை. நீ அழித்தாய், நோட்டை மூடினாய், அப்புறம் வெகுகாலம் என்னிடம் எந்தப் படத்தையும் காட்டவில்லை. அதை நான் நீ படிப்பில் கவனம் வைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

கட்டின் அடியில் உன் ஆய்வேட்டு அத்தியாயம் ஒன்றும் இருந்தது, வேறு யாரோ சிவப்பு மையில் எழுதிய குறிப்போடு. படங்கள் அழகு, ஆய்வுக்கு எதற்கு, புகைப்படம் போதும் என்று. நீ வேண்டுமென்றே வைத்தாயா, மறந்து வைத்தாயா, தெரியாது. நான் அதைக் கேட்கவும் இல்லை. சிவப்பு மையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வரியை எண்ண வேண்டுமென்றால், எது வரி என்று முதலில் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பாதி முளைத்திருக்கும் கோடு ஒன்றா, பூஜ்யமா? புகைப்படத்தில் செதில் மினுங்குகிறதும் வரி மாதிரியே இருக்கிறது. தொட்டி முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து, பென்சிலை எவ்வளவு அழுத்துவது என்று யோசித்தவள்தான் அதைத் தீர்த்தாள். அப்போது அவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு பன்னிரண்டு வரைகூடச் சரியாக வராது.

ஆய்வேட்டை விட்டுவிடாதே. படத்தையும் விட்டுவிடாதே. விட்டாய் என்று நான் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். தூங்கு. மேலே வரும்போது மெதுவாக வா. அவசரப்பட்டு ஏறாதே என்று இதோடு எத்தனை தடவை எழுதிவிட்டேன், தெரியவில்லை.

நோட்டை அனுப்பவில்லை. தபாலில் போட மனம் வரவில்லை, வரும்போது எடுத்துக்கொள்.

ஒரு சந்தேகம். நீ கடைசியாக அனுப்பிய படத்தில், வால் பக்கத்து வரி மேலிருந்து பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. அது மீனிலேயே அப்படித்தான் இருந்ததா, இல்லை நீ வரைந்து முடிப்பதற்குள் மீன் திரும்பிக்கொண்டதா? திருத்துவதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவில்லை.

அம்மா