மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு

கடலூர்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை பாப்பாவும் அவள் பையனும் நலம். நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்கப் பாடலீஸ்வரரை வேண்டுகிறேன்.

மூன்று வாரமாக உன் போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. அங்கே இப்போது வெயில் தாங்காது, சைட்டுக்குப் போகும்போது மோர் குடித்துவிட்டுப் போ. முந்தாநாள் பண்ருட்டி மாமா ஒரு பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். பாப்பாதான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து அறுத்தாள், அப்பா உட்காரும் அதே இடத்தில். கொட்டைகளை மண் பூசி உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். முட்டிவலி பரவாயில்லை. மாசப் பணம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. நீ அனுப்பிய மற்றதும் வந்து சேர்ந்தது.

இதைப் பழைய டைப் மெஷினில் அடிக்கிறேன். பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, மெஷினில் வைத்தால் நடுங்குவதில்லை. மேலே சத்தம் கேட்கக் கூடாதென்று அடியில் அப்பாவின் கம்பளியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். முடித்ததும் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன், குட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறாளே.

திங்கட்கிழமை பேங்குக்குப் போனபோது மஞ்சக்குப்பத்தில் நம் டைப்பிங் கடை வழியாகத்தான் போனேன். இப்போது அங்கே இரண்டு கம்ப்யூட்டர். ஒரு சின்னப் பெண் கோர்ட்டில் கொடுக்கும் பிராது அடித்துக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தேன். பாகப்பிரிவினை. “தாவா சொத்தில் வாதிக்கு 1/3 பாகம்” என்று திரையில் வந்தது. அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். வெயிலாக இருக்கும்.

நெல்லிக்குப்பத்து அண்ணன் தம்பி வழக்கு உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை பெஞ்சில் நீ வீட்டுப்பாடம் எழுதும்போது அந்தப் பெரியவர் உனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். அந்தப் பிராதை 1986இல் நான்தான் அடித்தேன். ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு. வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர், பேரும் விலாசமும் எட்டு வரியில் முடிந்தன. பங்கு உண்டு என்று சொல்ல ஒரு டிக்ரி. அதன் மேல் அப்பீல், அதற்கும் மேல் சென்னையில் இரண்டாம் அப்பீல். எந்தப் பக்கம் யாருக்கு என்று அளந்து சொல்ல வக்கீல் கமிஷனர், அப்புறம் இறுதி டிக்ரி. கையில் வாங்க நிறைவேற்று மனு தனி. அந்த இறுதி டிக்ரிக்கான மனுவை 2009இல் கம்ப்யூட்டரில் அடித்தேன். கட்சிக்காரர்கள் பேர் மட்டும் இரண்டு பக்கம் வந்தது. “1ஆம் வாதி (இறந்துவிட்டார்)”, “1ஆம் பிரதிவாதி (இறந்துவிட்டார்)”, கீழே வரிசையாக வாரிசுகள். ஒருத்தரை ஒருத்தர் முகம் தெரியாத பிள்ளைகள். கிணறு தூர்ந்துபோய் அதன் மேல் கருவேலம் முளைத்திருந்தது என்று கமிஷனர் அறிக்கையில் இருந்தது. அதையும் நான்தான் அடித்தேன்.

கோர்ட்டை நான் குறை சொல்ல மாட்டேன் தம்பி. நம் வீட்டுச் சோறு அது. நீ பத்தாவதில் 471 வாங்கின அன்று காலேஜ் வரைக்கும் உன்னைப் படிக்கவைப்பேன் என்று அப்பாவிடம் சொன்னேன், சொன்ன மாதிரி செய்தேன், அதெல்லாம் அடுத்தவர் வழக்கை அடித்துச் சம்பாதித்த பணம்தான். கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டிய விஷயங்களும் உண்டு. பத்திரத்தைப் போலியாகத் தயார் பண்ணினவனிடம் என்ன சமரசம் பேசுவது? ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாக நிலத்தை விற்கப் பார்த்தால் தடையுத்தரவுதான் வாங்க வேண்டும். அடி வாங்கின பெண்ணைக் கொண்டுபோய் அடித்தவன் எதிரில் உட்காரவைத்து “பேசு” என்றால் அது பாவம். மோசடி, போலிப் பத்திரம் மாதிரியான வழக்குகள் சமரசத்துக்குப் பொருந்தாது, குடும்பச் சண்டை, பாகப்பிரிவினை, அக்கம்பக்கத்துத் தகராறு இதெல்லாம் பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2010இல் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நம் வீட்டு விஷயம் எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும்.

எழுதிவிட்டேன். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

உன் வக்கீல் நோட்டீஸ் பதினோரு நாளைக்கு முன்னால் வந்தது. “எனது கட்சிக்காரரின் தாயாராகிய தாங்கள்” என்று ஆரம்பம். அந்த மாதிரி வாசகத்தை முப்பது வருஷம் அடித்த கை இது. யார் யாருடைய தாயாருக்கோ அடித்திருக்கிறேன். எதிர்தரப்பு 1 என்று என் பேர், எதிர்தரப்பு 2 என்று பாப்பா பேர். உன் பேருக்கு எதிரே என் பேரை ஒரு காகிதத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அப்பா எழுதிவைக்காமல் போனார், வீடு அவர் சொந்தச் சம்பாத்தியம், உனக்கும் எனக்கும் பாப்பாவுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று, அதைக் கேட்க உனக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் பாப்பாவுக்குப் போட்ட நகையைக் கழித்தால் அவளுக்கு ஒன்றும் வராது என்று நோட்டீஸில் எழுதியிருக்கிறதே, அப்படிச் சட்டம் இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகை பங்கில் கழியாது. அதை உன் வக்கீல் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இரண்டு அறை மாடி, கீழே மூன்று அறை, ஒரே படி, ஒரே மோட்டார். இதைக் குறுக்கே வெட்டி மூன்று பேருக்குக் கொடுக்க எந்தக் கமிஷனராலும் ஆகாது. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கு போட 1893லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வைத்திருக்கிறான். பங்குதாரர் யாராவது மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், அதுவும் அதிலேயே இருக்கிறது. ஆனால் பாப்பாவிடம் பணம் ஏது? கடைசியில் அப்பா கட்டின வீட்டு வாசலில் ஏலம் கூறுவார்கள். நீ அங்கிருந்து பவர் எழுதி அனுப்பலாம், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் உனக்கு மட்டும் தெரிந்த விஷயத்தைப் பவர் வாங்கினவர் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது, நீதான் வர வேண்டும். நீ வருவாய், லீவு போட்டு, டிக்கெட் எடுத்து. அன்றைக்கு வாய்தா போட்டுவிடுவார்கள். எத்தனை வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்படிக் கையில் பெட்டியோடு கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், உன் சார்பில் வழக்கு நடத்த வக்கீலுக்குக் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாயா? போட்டிருந்தாலும் பிராது தாக்கல் ஆகாமல் நிறுத்திவை. முதலில் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசிப் பார்ப்போம்.

சமரச மையம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்து என்று நீ நினைப்பாய். அப்படி இல்லை. 2002 ஜூலையிலிருந்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவில், பேசித் தீரக்கூடிய வழக்கை அதற்கு அனுப்ப வழி இருக்கிறது. 2005இல் சென்னை ஹைகோர்ட்டில் மையம் ஆரம்பித்தார்கள், அப்புறம் இங்கேயும் வந்தது. 2023இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். 120 நாள், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் மேலும் 60 நாள் என்று அதில் கெடு. கோர்ட் மையத்தில் சமரசருக்கு நாம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யார் சரி யார் தப்பு என்று கேட்கமாட்டார். எல்லாரையும் ஒரு மேஜையில் வைத்துப் பேசுவார், தேவைப்பட்டால் ஒவ்வொருத்தரையும் தனியாகக் கூப்பிட்டும் பேசுவார். தனியே சொன்னதை நம் சம்மதம் இல்லாமல் எதிர்தரப்பிடம் சொல்ல மாட்டார். அங்கே பேசினது எதையும் நாளைக்கு கோர்ட்டில் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. ஒத்துவரவில்லையென்றால் ஒத்துவரவில்லை என்று மட்டும் எழுதி அனுப்புவார். உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒத்துவந்தால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம். ராஜியான டிக்ரிக்கு அப்பீல் கிடையாது. வழக்குப் போட்ட பிறகு ராஜியானாலும் கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், மையத்துக்குப் போகாமல் தங்களுக்குள் பேசி முடித்தவர்களுக்கும் கொடுக்க 2021இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

பரங்கிப்பேட்டைப் பக்கம் அக்கா தங்கை இரண்டு பேர் ஒரு கடை வாடகைக்காக வழக்குப் போட்டார்கள். பிராதில் முழுக்க வாடகைக் கணக்குதான். மூன்று தடவை உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ராஜி மனுவை நான் அடித்தேன். அதில் 7ஆவது சரத்து, “தாயாரின் குத்துவிளக்கு ஒரு வருடம் மூத்தவர் வீட்டிலும் மறு வருடம் இளையவர் வீட்டிலும் இருக்க வேண்டியது.” தாயார் சாகும்போது தங்கை தனக்குச் சொல்லி அனுப்பவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று அந்த அக்கா என் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அதுதான் வழக்கு. வாடகை இல்லை. பிராதில் அதை எழுத இடமில்லை, எழுதியிருந்தாலும் ஜட்ஜ் அதற்கு என்ன நிவாரணம் கொடுப்பார்?

நம் வழக்கிலும் பிராதில் வராத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மூன்று பக்கமாகச் சுற்றுகிறேன்.

தானே புயல் அடித்த அன்று, 2011 டிசம்பர் 30, மேலே இருந்த ஓட்டு அறை தெருவில் கிடந்தது. அடுத்த ஒன்றரை வருஷம் நீ அனுப்பின பணத்தில் மாடி எழும்பியது. வயிற்றைக் கட்டி அனுப்பினாய், ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து அனுப்பினாய். தளம் போட்ட அன்று போனில் உன்னிடம் சொன்னேன், “இது உன் மாடி, அப்பாவிடம் சொல்லி உன் பேருக்கே எழுதச் சொல்கிறேன்.” சொல்லவில்லை. அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 2019இல் மாப்பிள்ளை கடை நொடித்து, அரியாங்குப்பத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டு பாப்பா பையனோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன், “மாடி உனக்குத்தான்டி, அண்ணன் கேட்கமாட்டான், அவனிடம் நான் பேசிவிட்டேன்.” பேசவில்லை தம்பி. உன்னிடம் “கொஞ்ச நாளைக்கு இருக்கிறாள்” என்றேன். நகைக் கணக்கை நீ சொன்னபோதெல்லாம் ஊம் கொட்டினேன். சட்டம் தெரிந்தே ஊம் கொட்டினேன்.

ஒருத்தருக்கும் மனசு நோகக் கூடாது என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசி இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அவள் பேராசைக்காரி இல்லை, நீயும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. இரண்டு பேரும் அம்மா சொன்னதை நம்பினீர்கள். வீட்டை வாயால் கொடுக்க முடியாது, எழுதிப் பதிய வேண்டும், அதனால் கோர்ட்டில் என் பேச்சு செல்லாது. யாரும் அதைக் கேட்கக்கூட மாட்டார்கள். மூன்றில் ஒன்று என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீ அவளைத் திருடி என்றும், அவள் உன்னை ஏமாற்றுக்காரன் என்றும் நினைத்துக்கொண்டே இருப்பீர்கள், நான் செத்த பிறகும். அந்த மேஜையில் வைத்து நான் இதை இரண்டு பேர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குத்தான் கூப்பிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தபால்காரர் இரண்டு கவரையும் என்னிடம்தான் நீட்டினார், மேலே ஆள் இல்லை என்று அவளுடையதற்கும் நானே கையெழுத்துப் போட்டேன். இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை. இந்த மெஷின் மூடிக்குள் இருக்கிறது. நோட்டீஸில் பதினைந்து நாள் கெடு. பலாச்சுளையைத் தட்டில் வைத்து மேலே எடுத்துப் போனேன், கவரை எடுத்துப் போகக் கால் வரவில்லை.

ஆவணியில் அப்பா திதி. நீ எப்படியும் வர வேண்டும். அந்த வாரத்தில் மையத்தில் உட்காரலாம், வழக்கு இல்லாமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும், நான் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு தடவை உட்கார்ந்து பிடிக்கவில்லையென்றால் எழுந்துவிடு, அப்புறம் உன் இஷ்டம்போல் கேஸ் போடு, நான் கூண்டில் ஏறி உள்ளதைச் சொல்கிறேன். நான் என்ன வேண்டுமென்று கேட்டால், என் மூன்றில் ஒரு பங்கை வைத்து உங்கள் இரண்டு பேர் கணக்கையும் நேர் பண்ணுங்கள். மாடிக்குப் போட்ட உன் பணத்துக்கு ஒரு வழி, அவள் தலைக்கு ஒரு கூரை. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, உட்கார்ந்தால் தெரியும். வக்காலத்தை மட்டும் நிறுத்திவை.

தாள் போடும்போதே பழக்கத்தில் அடியில் கார்பன் வைத்துவிட்டேன். இப்போதுதான் பார்க்கிறேன், நகல் நன்றாக விழுந்திருக்கிறது. மணி ஐந்தே முக்கால். விளக்கேற்றிவிட்டு மேலே போய், கவரோடு சேர்த்து நகலை அவளிடம் கொடுக்கப் போகிறேன். ஒரு வரிகூட வேறு இல்லை.

ராத்திரி கூப்பிடுவேன். போனை எடு தம்பி.

உன் அம்மா