அம்மாவுக்கு, நெதர்லாந்துல ஸ்டேன்பெர்கன் பக்கத்துல இருந்து

அம்மா,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு. போன் பண்றப்பல்லாம் "பாத்தியா"ன்னு நீ கேக்குறதும் நான் மழுப்புறதும்... கோவிச்சுக்காத. நீ மடிச்சு வச்ச திருநீறு கவருக்குள்ளயே கொட்டிப் போச்சு, தட்டி எடுத்து வச்சிருக்கேன்.

இங்க குளிரக் கூட தாங்கிக்கலாம், காத்துதான் முடியல. பாய் விரிச்ச மாதிரி தட்டை ஊரு, மறிக்க ஒரு மேடு கிடையாது, சைக்கிள மிதிச்சா பின்னாடி போகுது. மத்தியானமும் பிரெட்டுதான், அதுமேல சாக்லேட் தூளத் தூவி பெரியவங்களே சாப்பிடுறாங்க, பாப்பாகிட்ட சொன்னா நம்ப மாட்டா. ஹீட்டர் போடுறியான்னு கேட்டிருந்த. எதுக்கும்மா, ரெண்டு ஸ்வெட்டர் போட்டா தூக்கம் வந்துருது.

மாடி வீட்டு தாத்தா, அதான் நான் தாளிக்கிறப்ப ஜன்னல்ல தலைய நீட்டுவாருன்னு சொன்னேன்ல, அவரு போன ஞாயித்துக்கிழமை "உங்க ஊர்க்காரன் ஒருத்தன் இங்க இருக்கான் வா"ன்னு கல்லறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. பாத்தா வெள்ளைக்காரன்! கை கிப்சன்னு பேரு, 1918ல சிம்லால பிறந்தவராம், தாத்தாவுக்கு சிம்லாவும் திருநெல்வேலியும் அடுத்தடுத்த தெரு. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படைல இருந்தவரு, 1943 மே மாசம் ஜெர்மனி அணைகள உடைக்க 19 விமானத்தோட போனவரு, போன 133 பேர்ல 53 பேர் செத்துட்டாங்க, உடைஞ்ச தண்ணில செத்தது ஆயிரத்துக்கும் மேல. அடுத்த வருஷம் செப்டம்பர் 19 ராத்திரி, குண்டு போடப் போனவங்களுக்கு வழிகாட்டிட்டுத் திரும்புறப்போ இங்க விழுந்துட்டாரு, 26 வயசு. மஸ்கிட்டோன்னு மரத்துல செஞ்ச விமானம், அதுல ரெண்டே பேரு, கூட வந்த ஜிம் வார்விக்கும் பக்கத்துலயே படுத்திருக்காரு. ரெண்டு பேர் பேர்லயும் தெரு இருக்கு. கொசு பேர்லயும் இருக்கு!

உடம்புன்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சலியாம். சாக்ஸ்ல லாண்டரிக்குப் போட்ட பேர வச்சுத்தான் கிப்சன்னு தெரிஞ்சுதாம்.

ஹாஸ்டலுக்குப் போறப்போ என் பனியன், துண்டு எல்லாத்துலயும் சிவப்பு நூல்ல என் பேர் எழுத்து தச்சு விட்டியே, பசங்க கிண்டல் பண்றாங்கன்னு நான் பிளேடால பிரிச்சுட்டேன்மா, உனக்குத் தெரியாது. அந்தத் துண்டுல ஒண்ணு இங்க இருக்கு, நூல் போன இடத்துல சின்னச் சின்ன ஓட்டை. அங்க நின்னுட்டு அதான் ஞாபகம் வந்துச்சு, கண்ணுல தண்ணி, தாத்தா பாத்துட்டாரு, காத்துன்னு சொன்னேன்.

சரி விடு. பாப்பா ஜாதகத்த பெரிய மாமாகிட்ட இப்ப குடுக்காத, குடுத்தா அடுத்த நாளே மாப்பிள்ளையோட வந்து நிப்பாரு. இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளி வரும், ஆபீஸ்ல ஏதோ கணக்கு முடிக்கிறாங்க, வேற ஒண்ணும் இல்ல. மோட்டாருக்கு காயில் கட்ட அத்தைகிட்ட கேட்டு வாங்கிக்கோ, நான் பேசிக்கிறேன். நகைக்கு வட்டி மட்டும் கட்டிடு, திருப்புறது தைக்கு அப்புறம். செவல மாட்ட வித்துடாத, எவன் வந்து கேட்டாலும் நான் வந்ததும்னு சொல்லு.