செயலாளர் ஆண்டறிக்கை: மெட்டல் டிடெக்டர் வாங்கியதும், காசு தேடிய நிலங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், சந்தா வசூல், நாணயக் கண்காட்சி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த பணி, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகாமல் சங்கத்துக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்குவதும், அதைக் கொண்டு போய்த் தேடத் தக்க நிலங்களைக் கண்டறிவதும் ஆகும். இந்த அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். பத்தடி ஆழத்துத் தங்கத்தையும் காட்டும் என்ற விளம்பரத்தை நம்பி, ஏழாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் நான் தருவித்த கருவி, கடப்பாறையைத் தவிர வேறெதற்கும் ஒலி எழுப்பவில்லை. அந்தத் தொகையை என் கைப்பொறுப்பில் ஏற்றுக்கொண்டேன். அதன்பின் ஒரு வியாபாரி, இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்தால் அரை மைல் தொலைவிலுள்ள பொன்னை நோக்கி அவை திரும்பும் என்று செய்து காட்ட வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைப் பார்த்துப் பழகிய நம் ஊரிலும் அவருக்கு அன்று வியாபாரம் ஆகவில்லை. நடுத்தர விலைக் கருவிகள், பழைய வெள்ளி ரூபாய் அளவுள்ள காசை ஒரு சாண் ஆழம்வரை காட்டினாலே நல்ல கருவிகள்தாம் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

உறுப்பினர்களிடமும் அவர்களது வெளிநாட்டு உறவினர்களிடமும் இருந்த மூன்று கருவிகளை இரவல் பெற்று, காங்கேயம் பக்கத்துச் செம்மண் தோட்டம் ஒன்றில் நான்கு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம் எனக் காசுகளைப் புதைத்துச் சோதித்தோம். கேரெட் ஏஸ் 300 என்பது 8 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது, கற்றுக்கொள்ள எளிது. ஆனால் மண்ணுக்கு ஏற்பச் சமன் செய்துகொள்ளும் வசதி அதில் இல்லாததால், இரும்புச்சத்து மிகுந்த நம் செம்மண்ணில் காசின் ஒலியையும் மண்ணின் ஒலியையும் பிரித்தறியத் திணறினோம். மைன்லேப் வான்குவிஷ் 440 ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி, மண்ணோடு தானாகவே சமன் செய்துகொள்கிறது. நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்கினாலும், ஒரு பொத்தானை அழுத்தியபடி, தரைக்கு மேல் வீசும் தலைப்பகுதியாகிய காயிலை நாலைந்து முறை தரையை நோக்கி ஏற்றி இறக்கினால் அந்த இடத்து மண்ணுக்குச் சமனாகிவிடுகிறது. மூன்று மீட்டர் நீர் ஆழம்வரை தாங்குகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம். பேட்டரிச் செலவையும், வாய்க்கால் ஓரங்களில் புழங்க வேண்டியிருப்பதையும் கருதிச் செயற்குழு சிம்ப்ளெக்ஸையே வாங்கத் தீர்மானித்தது. என் விருப்பம் வான்குவிஷ் மீதுதான் இருந்தது என்பதையும், முடிவுக்குக் கட்டுப்பட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வெளிநாட்டவர் சொல்லும் அறிவுரை ஒன்று நமக்கு அப்படியே பொருந்தாது என்பது இந்தச் சோதனையில்தான் விளங்கியது. இரும்பை ஒதுக்கும் வசதியை இயக்கிவிட்டால் ஆணிகளின் தொல்லை குறையும் என்பது உண்மையே. ஆனால் 1990-களிலிருந்து நம் ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் எஃகில் வருவதால், கருவி அதை இரும்போடு சேர்த்து ஒதுக்குகிறது, அல்லது உலோக வகையைக் குறிக்கத் திரையில் தரும் எண்ணை முன்னுக்குப்பின் முரணாகக் காட்டுகிறது. 2011-ல் செல்லாததாக்கப்பட்ட இருபத்தைந்து பைசாவின் எஃகுக் காசுக்கும் இதே கதிதான். செம்புக் காலணாவும், 1939 வரை வந்த உயர்தர வெள்ளி ரூபாயும் உயர்ந்த எண்ணில் உறுதியாக நிற்கின்றன. பழங்காசு தேடுவோர் இரும்பை ஒதுக்கலாம். சந்தைத் திடலில் நேற்று விழுந்த சில்லறையைத் தேடுவோர் ஒதுக்கக் கூடாது.

அடுத்தது நிலம். வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்ததும், கரூர் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் கிடைத்ததும் நாம் பெருமையோடு பேசுபவை. அதனாலேயே புதிய உறுப்பினர்கள் கருவியைக் கண்டதும், அகழாய்வு நடந்த கொடுமணலுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகக் கூடாது. அகழாய்வு இடங்களும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சுற்றுப்புறமும், ஆற்றுப் புறம்போக்கும், கோயில் நிலமும் நமக்கு உரியவை அல்ல. அங்கே ஒரு காசை மண்ணிலிருந்து பிடுங்கினால், அது எந்த மண்ணடுக்கில் எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்ற செய்தி அன்றோடு அழிந்துவிடுகிறது.

நமக்கு ஏற்றவை உரிமையாளர் மனமுவந்து அனுமதிக்கும் பட்டா நிலங்கள். அவற்றுள்ளும் மிகச் சிறந்தது, என் அனுபவத்தில், பழைய வண்டித்தடமாகிய இட்டேரியை ஒட்டிய கொறங்காடுதான். கிளுவை வேலி சூழ, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக மேய்ச்சலுக்கென்றே விடப்படும் இந்த நிலத்தில் டிராக்டர் ஆழ உழுவதில்லை; எனவே விழுந்த காசு அதிகம் இடம் பெயர்வதில்லை. சந்தைக்குப் போனவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிய மரத்தடி, பழைய களத்தின் ஓரம், மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றுமேடு ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்தே குறித்துக்கொண்டோம். அரை நாள் கருவியோடு அலைவதைவிட, ஒரு பாட்டியின் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தது பயன் தந்தது.

அத்தகைய ஒரு கொறங்காட்டில் ஐப்பசி மழைக்குப் பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேடினோம். கோடையில் அந்த மண் கடப்பாறைக்கே இறங்காது. தோண்டும் வேகத்தில் காசிலும் கீறல் விழும். முதல் நாள் முழுவதும் வந்தவை லாடத் துண்டுகளும் லாட ஆணிகளும் சோடா மூடிகளும்தாம். இரண்டாம் நாள் வெள்வேல மரத்தின் நிழல் விளிம்பில், எந்தப் பக்கம் வீசினாலும் எண் மாறாத ஒலி ஒன்று கேட்டது. களைக்கொத்தால் மூன்று பக்கம் வெட்டி மண்ணைக் கட்டியாகப் புரட்டியபோது, நான்கு விரல் ஆழத்தில் பச்சைக் களிம்பேறிய ஒரு வளையம் இருந்தது. பம்புசெட் வாஷர் என்று நம் உறுப்பினர் அதை எறியப் போனார். நிலத்துக்காரரின் தாயார் கையில் வாங்கி, முந்தானையில் துடைத்து, “இது ஓட்டக் காலணா கண்ணு, கொழந்தைகளுக்கு அரணாக்கவுத்துல கோத்து உடுவோம்” என்றார். கழுவிப் பார்த்ததில் 1943 என்ற ஆண்டு தெரிந்தது. 1943 முதல் 1947 வரையே அந்த ஓட்டைக் காசு அச்சிடப்பட்டது. நம் உறுப்பினர் வாஷர் என்று எண்ணியதிலும் தவறில்லை, அந்நாளில் பலர் அதை வாஷராகவே பயன்படுத்தினர்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், கண்ட பொருள், இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தன் பங்கை இழப்பதோடு ஓராண்டுவரை சிறைத் தண்டனையும் உண்டு. பத்து ரூபாய் என்ற வரம்பு இன்றைக்கு ஒரு தேநீர் விலைகூட இல்லை. ஓட்டைக் காலணா தவறி விழுந்ததா, மறைத்து வைத்ததா என்று கூட்டத்தில் நீண்ட நேரம் வாதிட்டோம். முடிவில் கடிதம் எழுதிவிடுவதே நல்லதென்று எழுதினோம். ஒப்புகை கோப்பில் உள்ளது.

மின் இடையூறு பற்றியும் குறிப்பிட வேண்டும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளையும் உயர் அழுத்தக் கம்பிகளையும் நெருங்கும்போது கருவி காரணமின்றிச் சிலம்புகிறது. உணர்திறனைக் குறைத்தால் அடங்கும், ஆழமும் அதற்கேற்பக் குறையும்.

ஆண்டின் சிறந்த கண்டெடுப்பு காசு அல்ல. மாசி மாதம் மஞ்சள் வெட்டும்போது ஒரு காட்டில் கால் பவுன் தோடு தொலைந்துவிட்டதாக அழைப்பு வந்தது. சிறிய தங்கத்தின் எண் ஜிகினாத் தாளின் எண்ணோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், எதையும் ஒதுக்காமல் வரப்புக்கு வரப்பு கயிறு கட்டித் தேடினோம். முப்பதுக்கு மேற்பட்ட தாள் துண்டுகளைப் பொறுக்கிய பின், பொழுது சாயும் நேரத்தில் மஞ்சள் கிழங்கு ஒன்றின் இடுக்கில் தோடு கிடைத்தது. அந்த அம்மாள் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போடாமல் அனுப்பவில்லை.

வரும் ஆண்டுக்கு, குழிக்குள் காசின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கைக்கருவி ஒன்றும், லாட ஆணிகள் நிறைந்த இடங்களுக்கு ஏற்ற சிறிய காயில் ஒன்றும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். கருவியை வெளியே எடுத்துச் செல்லும் உறுப்பினர், நில உரிமையாளரின் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டைச் செயலாளரிடம் முன்னதாகவே ஒப்படைக்க வேண்டும் என்ற விதியையும் இத்துடன் தீர்மானமாக முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்