நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத்தோட்டக் குறிப்பில், நந்தியாவட்டை இலையைத் தின்னும் பச்சைப் புழுவுக்குப் பூச்சிமருந்து அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

எங்கள் வீடு திருவையாற்றில், காவிரிக் கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வாசலில் நந்தியாவட்டை, கொல்லையில் அரளி. ஐப்பசி மழைக்குத் துளிர்விட்டதும் இந்தப் புழு வந்துவிடும். விரல் நீளம், இலையோடு இலையாகப் பச்சை, வாலில் சின்னக் கொம்பு. கிளையை அசைத்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது கழுத்துப் பக்கம் உப்பி, நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள் முறைக்கும். அவை கண்கள் அல்ல, குருவியை மிரட்டுவதற்கான புள்ளிகள். என் பேத்தி பாம்புக்குட்டி என்றே நினைத்துவிட்டாள்.

ஓலியாண்டர் ஹாக்மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு இது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இவைதான் முக்கியமான சாப்பாடு. ஆடு மாட்டையே கொல்லும் அரளி விஷம் இதை ஒன்றும் செய்வதில்லை! வளர்ந்து முடிந்ததும் பழுப்பாக மாறி, கீழே இறங்கிச் சருகுக்குள் கூடு கட்டும். போன வருஷம் ஒன்றைப் பழைய பக்கெட்டில் மண்ணும் சருகும் போட்டு விட்டு, மேலே கொசுவலை கட்டிவைத்தோம். மூன்றாவது வாரம் அந்துப்பூச்சி வெளியே வந்தது. சிறகை விரித்தபோது என் உள்ளங்கையே மறைந்துபோனது. பாசிப் பச்சையில் வெள்ளையும் வெளிர் ரோஸும் அலையலையாக, பட்டுப்புடவைக்குக்கூட அப்படி ஒரு நிறச் சேர்க்கை பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும் தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்றே பூவில் தேன் குடிக்கிற இனம் அது.

ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழும் இது, கோடையில் ஐரோப்பா வரை பறந்து போகும். இங்கிலாந்துக்கு எப்போதாவதுதான் ஒன்றிரண்டு போய்ச் சேரும். நமக்கு வாசலிலேயே பிறக்கிறது.

இலை போனால் நந்தியாவட்டை திரும்பத் துளிர்த்துவிடும். எங்கள் செடி மொட்டையாக நின்று, மறுபடி பூத்திருக்கிறது. மருந்து அடித்தால் அந்தப் பூவைத்தானே மறுநாள் சாமிக்குப் பறிக்கிறோம்? கண் எரிச்சலுக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கமும் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. புழு அதிகமாகத் தெரிந்தால் ஒரு குச்சியில் ஏற்றிக் கொல்லை அரளியில் விட்டால் போதும். தயவுசெய்து அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், திருவையாறு